பூனைக்குத் தீராத வாய்ப்புண்: கண்டுபிடிப்பது முதல் பல் எடுத்த பின் பராமரிப்பு வரை

பசியோடு கிண்ணத்தை நோக்கி ஓடி வரும் பூனை, ஒரு வாய் எடுத்ததும் சீறிக்கொண்டு பின்வாங்கி, யாரோ அடித்துவிட்டது போல அறையின் மறுமூலைக்கு ஓடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வருகிறது, மறுபடி ஓடுகிறது. இதைப் பார்ப்பவர்களில் பலர், உணவு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒவ்வொரு உணவாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். உணவு பிடிக்காத பூனை முகர்ந்துவிட்டு நடந்து போய்விடும். கிண்ணத்தைப் பார்த்துச் சீறும் பூனைக்கு வாய் வலிக்கிறது.

மாதக்கணக்கில், சில பூனைகளுக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இந்த வாய் அழற்சியை மருத்துவர்கள் ஸ்டோமடைடிஸ் என்பார்கள். பூனைகளுக்கு வரும் நோய்களில் மிகக் கடுமையான வலி தருபவற்றில் இதுவும் ஒன்று. முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான பூனைகளுக்கு நீடித்த நிவாரணம் தருவது, பற்களை, குறிப்பாகக் கடைவாய்ப்பற்களை, வேரோடு எடுத்துவிடுவதுதான். அதைத் தள்ளிப்போட்டு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு ஊசியிலேயே காலம் கடத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

கீழே வரும் மருந்து அளவுகள், மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் புரிந்துகொள்ளவும் சரிபார்க்கவும் உதவுவதற்காக. பூனையின் எடை, சிறுநீரகம், ஏற்கெனவே எடுக்கும் மருந்து ஆகியவற்றைப் பார்த்து அவர் மாற்றி எழுதக்கூடும். நீங்களாக எதையும் தொடங்காதீர்கள்.

எந்தச் சிவப்பு இந்த நோய்?

பல் ஓரத்தில் ஈறு மட்டும் மெல்லிய கோடாகச் சிவந்திருந்தால் அது சாதாரண ஈறு அழற்சி. நன்றாகச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குட்டிகளுக்குப் பல் மாறும் காலத்தை ஒட்டி ஈறு கடுமையாகச் சிவந்து வீங்குவதும் உண்டு. அதுவும் வேறு.

ஸ்டோமடைடிஸில் சிவப்பு ஈறோடு நிற்காது. கன்னத்தின் உட்பக்கம் பரவும். நாக்கின் அடிப்பகுதிக்கு இரு பக்கமும், மேல்தாடையும் கீழ்தாடையும் சந்திக்கும் கடைவாயின் மடிப்பில், பச்சை இறைச்சி போலச் சிவந்து புண்ணாகியிருக்கும், அல்லது பூக்கோசு போலப் புடைத்திருக்கும். லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இந்த நோயை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் இடம் கடைவாய்தான்.

குழப்பக்கூடிய மற்ற நோய்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் மட்டும் கட்டி, ஆடும் பல், நாக்கின் அடியில் கெட்டியான வீக்கம் இருந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்காமல் ‘புண்தான்’ என்று விடக் கூடாது. நாக்கின் ஓரங்களில் புண், கூடவே அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் கழித்தால் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். நேற்றுவரை நன்றாக இருந்த பூனைக்கு இன்று திடீரென நாக்கெல்லாம் புண் என்றால், பென்சால்கோனியம் கலந்த தரைத் துடைப்பான் திரவத்தை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கியிருக்கலாம். தும்மல், காய்ச்சலோடு நாக்கு நுனியில் புண் வந்தால் அது பூனைகளுக்குச் சளிக்காய்ச்சல் தரும் கலிசிவைரஸ் புதிதாகத் தொற்றியது. பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும்.

வீட்டில் பார்ப்பது எப்படி

வாயை அகலத் திறக்காதீர்கள். வலியுள்ள பூனை கடிக்கும், அதற்கு மேலாக, உங்கள் கையைக் கண்டாலே ஒளியவும் பழகிவிடும். பூனை உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து தலையை மெல்லப் பிடித்து, கட்டைவிரலால் கன்ன உதட்டை மட்டும் மேலே தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் ஐந்து விநாடி பார்த்தால் போதும். மேல் கடைவாய்ப்பற்களுக்கு மேலுள்ள ஈறும் கன்னமும் தெரியும். கடைவாய் மடிப்பைக் காண்பதை மருத்துவருக்கு விட்டுவிடுங்கள். வலி அதிகமாக இருந்தால் அவருக்கும் மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடியும்.

வாயைத் தொடாமலே தெரியும் அறிகுறிகள் நிறைய உண்டு. ரத்தம் கலந்த பிசுபிசு எச்சில், அழுகிய நாற்றம், முன்பாதங்களில் காய்ந்த பழுப்புக் கறை, கொட்டாவி விடும்போது வீறிடுவது, தலையை ஒருக்களித்து விழுங்குவது. நக்கிச் சுத்தம் செய்ய முடியாததால் ரோமம் எண்ணெய் வடிந்து திரிதிரியாக ஒட்டியிருக்கும். தாடை தந்தியடிப்பதும் உண்டு.

வலியை அளக்க ஒரு நல்ல கருவி இருக்கிறது. மாண்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட பூனை முக வலி அளவுகோல் அது. காதுகளின் நிலை, கண்கள் இடுங்கியிருப்பது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தலையின் நிலை என்று ஐந்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் தருவது. மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிமருந்து தேவை. பூனை விழித்திருக்கும்போது, சாப்பிடாமலும் நக்காமலும் இருக்கும்போது, அரை நிமிடம் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

ஏன் வருகிறது

ஒரே கிருமியைக் கைகாட்ட முடியாது. பல்லின் மேல் பாசி போலப் படரும் கிருமிப் படலத்துக்கும், வாயில் தங்கியிருக்கும் வைரஸ்களுக்கும் எதிராக உடலின் எதிர்ப்பு சக்தி அளவு மீறிக் கொந்தளிப்பதுதான் இதன் அடிப்படை. இந்த நோயுள்ள பூனைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வாயில் கலிசிவைரஸ் காணப்படுகிறது. ஆனால் அதே வைரஸைச் சுமந்துகொண்டு வாய் நன்றாக இருக்கும் பூனைகளும் ஏராளம். பல பூனைகள் சேர்ந்து வாழும் வீட்டில் இந்நோய் அதிகம். கூட வாழும் பூனைகளின் எண்ணிக்கை ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் சிகிச்சையின் தர்க்கமும் புரியும். வைரஸை வாயிலிருந்து விரட்ட நம்மிடம் உறுதியான வழி இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. கிருமிப் படலம் குடியிருக்கும் இடமான பல்லை எடுத்துவிட முடியும். வாயில் படலம் தங்க வேறு கெட்டியான பரப்பு கிடையாது. பல் சொத்தையாகாமல் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதும் ஏன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

முதல் வேலை: வலி, உணவு

பரிசோதனைக்கும் அறுவைக்கும் நாள் குறிப்பதற்கு முன்பே இந்த இரண்டும் தொடங்கிவிட வேண்டும்.

வலிக்கு அதிகம் தரப்படுவது புப்ரினார்ஃபின். கிலோவுக்கு சுமார் 0.02 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மில்லிக்கு 0.3 மி.கி. உள்ள மருந்தென்றால் 4 கிலோ பூனைக்கு ஏறத்தாழ 0.27 மி.லி. வரும். இதே பெயரில் மில்லிக்கு 1.8 மி.கி. உள்ள ஆறு மடங்கு செறிவான மருந்தும் இருக்கிறது. புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் சிரிஞ்சில் இழுக்காதீர்கள். இந்த மருந்து வாயின் சவ்வு வழியாகவே உடலில் சேர வேண்டும். விழுங்கிவிட்டால் பெரும்பகுதி கல்லீரலில் வீணாகிவிடும். அதனால் ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சின் முனையை உதட்டோரம் வைத்து, கன்னப் பையில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்ச வேண்டாம். கண்பாவை விரிவதும், பூனை இழைந்துகொண்டு மெத்தையைப் பிசைவதும் மருந்தின் இயல்பான விளைவுதான்.

இதோடு காபாபென்டின் சேர்ப்பார்கள். கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., எட்டு அல்லது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. முதல் சில நாள் தள்ளாடும், அதனால் உயரமான இடங்களில் ஏற விடாதீர்கள். நீண்ட நாள் கொடுத்த பின் திடீரென நிறுத்தக் கூடாது. மனிதர்களுக்கான திரவ வடிவங்களில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. மெலாக்சிகாம் போன்ற அழற்சி குறைப்பான்கள் உதவும், ஆனால் சிறுநீரகம் நன்றாக, உடலில் நீர்ச்சத்து போதுமானதாக இருந்தால் மட்டுமே. ஸ்டீராய்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும் இடையில் சில நாள் இடைவெளி வேண்டும்.

வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பதைத் தொடவே வேண்டாம். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ஆபத்து. மனிதர்களின் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜெல்களில் உள்ள சாலிசிலேட், பென்சோகெயின் இரண்டும் பூனைக்கு நஞ்சு. தேயிலை மர எண்ணெயும் அப்படியே. ஒரு நாள் வலியைக் குறைக்கப் போய் உயிரையே இழந்த பூனைகள் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

உணவுக்கு வருவோம். 4 கிலோ பூனைக்கு ஓய்வில் இருக்கும்போதே ஒரு நாளைக்கு சுமார் 200 கிலோகலோரி வேண்டும். கட்டியில்லாமல் கூழாக அரைத்த ஈர உணவை உடல் சூட்டளவு, அதாவது 37-38 டிகிரிக்கு, வெதுவெதுப்பாக்கி, அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். ஆழக் கிண்ணத்தில் மீசையும் கன்னமும் உரசினால் வலிக்கும். வெங்காயம், பூண்டு கலந்த எதுவும், அவற்றின் தூள் உட்பட, வேண்டாம். வலி தீராமல் ஊட்டுவதும் வேண்டாம். வலியோடு ஊட்டப்பட்ட உணவைப் பூனை பிறகு எப்போதும் வெறுக்கக்கூடும்.

வாய் தொடாமல் பசியைத் தூண்ட ஒரு வழி உண்டு. மிர்டாசபைன் களிம்பைக் காது மடலின் உட்புறம் தடவுவது. கையுறை போட்டுத் தடவுங்கள், தினமும் காதை மாற்றுங்கள்.

24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பட்டினி கிடக்கும் பூனையின், குறிப்பாகப் பருத்த பூனையின், கல்லீரலில் கொழுப்பு படிந்து மஞ்சள் காமாலை வரும். அது வாய்ப்புண்ணைவிட வேகமாகக் கொல்லும்.

பரிசோதனைகள்

ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, புரதம் பார்க்க வேண்டும். இந்நோயில் குளோபுலின் என்ற புரதம் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். பூனை லுக்கேமியா வைரஸ், பூனை எய்ட்ஸ் வைரஸ் இரண்டுக்கும் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைத் தொடங்கலாமா என்பது இதைப் பொறுத்தது. கலிசிவைரஸ் பரிசோதனையால் சிகிச்சைத் திட்டம் பெரிதாக மாறாது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் விடக்கூடியது அதுதான்.

பல் எக்ஸ்ரேயை விடவே கூடாது. வாய் முழுக்க, மயக்கத்தில் எடுக்க வேண்டும். வெளியே நன்றாகத் தெரியும் பல்லின் வேர் உள்ளே கரைந்துபோயிருக்கலாம். முன்பு எடுத்ததாகச் சொல்லப்பட்ட பல்லின் வேர்த்துண்டு எலும்புக்குள் கிடக்கலாம்.

ஸ்டீராய்டு: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

ஊசி போட்ட இரண்டே நாளில் பூனை சாப்பிடத் தொடங்கும், எடை ஏறும், வீடே நிம்மதி அடையும். சில வாரத்தில் வலி திரும்பும். மறுபடி ஊசி. முதலில் ஆறு வாரம் தாங்கியது, பிறகு மூன்று வாரம், பிறகு பத்து நாள். இந்தச் சுருங்கும் இடைவெளியைப் பார்த்தால் உடனே நிறுத்தி யோசிக்க வேண்டும். அழற்சி அடங்கியிருக்கிறதே தவிர அதன் காரணம் பல்லின் மேல் அப்படியே இருக்கிறது.

நீண்ட நாள் வேலை செய்யும் மெத்தில்பிரெட்னிசலோன் ஊசியில் இன்னொரு சிக்கல், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதன்பின் சர்க்கரை நோய் வரலாம், மறைந்திருந்த இதயக் கோளாறு வெளிப்பட்டு மூச்சுத் திணறலாம். தவிர்க்க முடியாமல் ஸ்டீராய்டு வேண்டுமென்றால், அறுவை வரை தாக்குப்பிடிக்க, வாய்வழி பிரெட்னிசலோன் சில நாள் போதும். கிலோவுக்கு 1 மி.கி. அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது வழக்கம். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கவனியுங்கள். பிரெட்னிசோன் என்ற மருந்தைப் பூனையின் உடல் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாது, பிரெட்னிசலோன்தான் வேண்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுத்துவரும் பூனைக்கு ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து.

ஆன்டிபயாட்டிக் பற்றி ஒரு வார்த்தை. நாற்றமும் சீழும் குறையும், சில நாள் நன்றாக இருக்கும், நிறுத்தியதும் திரும்பும். அறுவையைச் சுற்றி உபயோகம் உண்டு, தனிச் சிகிச்சையாக இல்லை. டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதியிருந்தால், விழுங்கியதும் 5-6 மி.லி. தண்ணீர் கொடுங்கள், அல்லது உணவோடு கொடுங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகி, ஆறும்போது குழாய் சுருங்கிவிடும்.

பல் எடுக்கும் அறுவை

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். முன்பற்கள் 12, கோரைப்பற்கள் 4, முன்கடைவாயும் கடைவாயும் சேர்ந்து 14. கோரைப்பல்லைச் சுற்றியும் முன்பற்களைச் சுற்றியும் அழற்சி இல்லையென்றால் முதலில் அந்த 14-ஐ மட்டும் எடுக்கலாம். 2015-இல் வெளியான, 95 பூனைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், இப்படிப் பகுதியாக எடுத்ததற்கும் எல்லாவற்றையும் எடுத்ததற்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆய்வில் சுமார் 28 சதவீதப் பூனைகள் முழுமையாகக் குணமாயின. 39 சதவீதம் பெருமளவு தேறின. மீதி மூன்றில் ஒரு பங்குக்குப் பெரிய பலன் இல்லை. தேறியவற்றிலும் பலவற்றுக்கு அறுவைக்குப் பின் சில காலம் மருந்து தேவைப்பட்டது. இந்த எண்களை அறுவைக்கு முன்பே மனத்தில் வைத்துக்கொண்டால், மூன்றாம் வாரத்தில் சிவப்பு குறையவில்லையே என்று மனம் உடைந்துபோக மாட்டீர்கள்.

அறுவை செய்பவரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எடுத்த பிறகும் எக்ஸ்ரே எடுத்து, வேர்த்துண்டு எதுவும் மிச்சமில்லை என்று பார்ப்பீர்களா? அறுவை தோற்றதாகச் சொல்லப்படும் பல பூனைகளுக்கு உள்ளே வேர் இருப்பது பின்னர்தான் தெரிகிறது. ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியான கிரீடத்தை மட்டும் வெட்டிவிட்டு வேரை விடும் முறை, வேர் கரைந்து எலும்பாகிவிட்ட சில பற்களுக்கு மற்ற பூனைகளில் சரி. இந்த நோயில் வேர் முழுவதும் வெளியே வர வேண்டும்.

தாடை நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போடுவீர்களா? வாயைத் திறந்து வைக்க ஸ்பிரிங் கருவி பயன்படுத்துவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தோன்றும், ஆனால் முக்கியமானது. பூனையின் வாயை ஸ்பிரிங் வைத்து அகல விரித்தால், கண்ணுக்கும் மூளைக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனி நசுங்கி, மயக்கம் தெளிந்ததும் பார்வை போயிருக்கக்கூடும். அனுபவமுள்ள பல் மருத்துவர் அதைத் தவிர்த்துச் சிறிய முட்டுக்களைத்தான் வைப்பார்.

எல்லாப் பற்களையும் எடுக்க சில மணி நேரம் ஆகும். பூனை மெலிந்திருந்தாலோ மயக்கம் நீண்டாலோ இரண்டு அமர்வுகளாகப் பிரிப்பது நல்லது. சாப்பிடாமல் மெலிந்துபோன பூனைக்கு அதே மயக்கத்திலேயே கழுத்து வழியாக உணவுக்குழாயில் குழாய் வைத்துவிடச் சொல்லுங்கள். பலர் குழாய் என்றதும் பயப்படுகிறார்கள். வாய்க்குப் பக்கத்திலேயே போகாமல் உணவு, தண்ணீர், பெரும்பாலான மருந்துகள் எல்லாவற்றையும் கொடுக்க முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பின் முதல் இரண்டு வாரம்

முதல் ஓரிரு நாள் எச்சிலில் இளஞ்சிவப்பு கலந்திருப்பது இயல்பு. சொட்டுச் சொட்டாகப் புது ரத்தம் வடிந்துகொண்டே இருந்தாலோ, கண்ணுக்குக் கீழே வீங்கினாலோ, வாயை மூட முடியாமல் தாடை தொங்கினாலோ உடனே அழையுங்கள். கோரைப்பல் எடுக்கும்போது கீழ்தாடை எலும்பு விரிசல் விடுவது அரிதாக நடக்கும்.

அன்று மாலையே கூழுணவு வைக்கலாம். இரண்டு வாரத்துக்கு உலர் உணவும் கடிக்கும் பொம்மையும் வேண்டாம். தையல் தானாகக் கரையும், உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். பாதத்தால் வாயைப் பிறாண்டினால் கழுத்துப் பட்டை போடுங்கள். அதற்கு மேல், வலிமருந்து போதவில்லை என்று அர்த்தம் என்பதால் மருத்துவரிடமும் சொல்லுங்கள். சாப்பிடத் தொடங்கிவிட்டதே என்று வலிமருந்தை நீங்களாக நிறுத்துவதுதான் நான்காம், ஐந்தாம் நாளில் பூனை மறுபடி பட்டினி கிடக்க முக்கியக் காரணம்.

குழாய் வைத்திருந்தால் ஒவ்வொரு வேளையும் இப்படி:

1. பூனையை நிமிர்ந்து உட்காரவோ குப்புறப் படுக்கவோ வையுங்கள், பக்கவாட்டில் வேண்டாம்.
2. 5 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல விடுங்கள். இருமினால் நிறுத்திவிடுங்கள். குழாய் இடம் மாறியிருக்கலாம்.
3. வடிகட்டிய, கட்டியில்லாத திரவ உணவை உடல் சூட்டில் 10-15 நிமிடம் எடுத்துக்கொண்டு செலுத்துங்கள். தொடக்கத்தில் கிலோவுக்கு 5 மி.லி., பழகிய பின் 10 மி.லி. வரை. மில்லிக்கு ஒரு கிலோகலோரி உள்ள உணவென்றால் 4 கிலோ பூனைக்கு 40 மி.லி. வீதம் ஐந்து வேளை.
4. முடிந்ததும் மறுபடி 5 முதல் 10 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவி மூடியைப் போடுங்கள்.

நாள் தேவை முழுவதையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் நாள் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழுவதும் என்று ஏற்றுங்கள். வெகுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென உணவு ஏறினால் ரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்துவிடும். குழாய் அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சற்று உள்ளே தள்ளி, இழுத்து, கால் மணி நேரம் விட்டு மறுபடி செய்யுங்கள், பலம் போட்டு அழுத்த வேண்டாம். பூனை வாந்தி எடுத்துக் குழாயின் நுனி வாய் வழியாக வந்துவிட்டால் எதையும் செலுத்தாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்துத் துளையைத் தினம் ஒரு முறை பார்த்துச் சுத்தம் செய்து கட்டை மாற்றுங்கள்.

பல் போன பின் சில மாற்றங்கள் தெரியும். கீழ்க் கோரைப்பற்கள் இல்லாத பூனையின் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும், அதனால் கெடுதல் இல்லை. மேல் கோரைப்பல் மட்டும் எடுத்திருந்தால் மேலுதடு உள்ளே மடங்கி, கீழ்க் கோரைப்பல் அதில் குத்தலாம். அங்கே புண் தெரிந்தால் சொல்லுங்கள். புண் ஆறிய பிறகு பல்லில்லாத பூனைகள் நன்றாகச் சாப்பிடும், பல பூனைகள் உலர் உணவைக்கூட அப்படியே விழுங்கும்.

இரண்டு வாரத்தில் தையல் பார்க்கவும், பிறகு ஆறு வாரம் வாக்கிலும், மூன்று மாதத்திலும் காட்டுங்கள். முன்னேற்றம் மாதக்கணக்கில் வரும். பகுதியாக எடுத்த பூனைக்குச் சில மாதம் கழித்தும் அழற்சி நீடித்தால் மீதிப் பற்களையும் எடுப்பது அடுத்த படி. பல் மிச்சமிருந்து வாய் ஆறியிருந்தால் அந்தப் பற்களைத் தினம் மென்மையாகத் துலக்க வேண்டும். ஆல்கஹால் இல்லாத 0.12 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் ஜெல் உதவும். சிவந்து புண்ணாக இருக்கும் வாயில் தூரிகையை நுழைக்காதீர்கள்.

பல் எடுத்தும் ஆறாத பூனைக்கு

முதலில் மறுபடி எக்ஸ்ரே. வேர் மிச்சமில்லை என்று உறுதியான பிறகே அடுத்ததை யோசிக்க வேண்டும். சதைத் துணுக்குப் பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் இப்போது செய்துவிடுங்கள்.

பிறகு அதிகம் தரப்படுவது, எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின். கிலோவுக்கு 2.5 மி.கி., நாளுக்கு இரு முறை. உடலில் சீராகச் சேரும் நுண்குழம்பு வகைதான் வேண்டும், வகை மாற்றினால் அளவு தவறிப்போகும். ஆறு வாரமாவது கொடுத்துப் பார்க்காமல் பலனில்லை என்று நிறுத்தாதீர்கள். அடுத்த வேளைக்குச் சற்று முன் எடுத்த ரத்தத்தில் மருந்தின் அளவு மில்லிக்கு 300 நானோகிராமுக்கு மேல் இருந்த பூனைகள் நன்றாகத் தேறின என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதனால் பலன் தெரியாவிட்டால் அந்த அளவைப் பார்க்கச் சொல்லலாம். மருந்து எடுக்கும் காலத்தில் பச்சை இறைச்சி கூடாது, வேட்டைக்கு வெளியே விடவும் கூடாது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி அப்போது உயிருக்கே ஆபத்தாகும். வாரந்தோறும் எடை பாருங்கள்.

வைரஸை எதிர்க்க உதவும் புரதமான பூனை ஒமேகா இன்டர்ஃபெரான் இன்னொரு வழி. வாய்க்குள் தினம் ஒரு லட்சம் யூனிட், 90 நாள் என்ற முறையில் சோதித்திருக்கிறார்கள். எல்லா நாடுகளிலும் கிடைக்காது. பூனையின் சொந்தக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல்களை ரத்தத்தில் செலுத்தும் சிகிச்சையைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியினர் 2016-இல் வெளியிட்டார்கள். பல் எடுத்தும் ஆறாத ஏழு பூனைகளில் ஐந்து தேறின. எண்ணிக்கை சிறியது, ஆனால் வேறு வழியற்ற பூனைகளுக்கு அது பெரிய நம்பிக்கை.

இவை எதுவும் கைகூடாத பூனைக்கு வலிமருந்தும், மிகக் குறைந்த அளவுப் பிரெட்னிசலோனும் நீண்ட காலத்துக்குத் தேவைப்படலாம். ஸ்டீராய்டைப் பற்றி மேலே அவ்வளவு சொல்லியும் இங்கே அதை மறுக்கவில்லை. மற்ற வழிகளைப் பார்த்து முடித்த பிறகு அது நியாயமான துணை. அப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். திடீரென அதிகம் தண்ணீர் குடித்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் மற்ற பூனைகள் இருந்தால்

நோயுள்ள பூனையைத் தனிமைப்படுத்தி வாட வைக்கத் தேவையில்லை. பெரும்பாலும் மற்றவையும் அதே வைரஸை ஏற்கெனவே பார்த்திருக்கும். தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் தனித்தனியாக, எவர்சில்வரிலோ பீங்கானிலோ இருக்கட்டும். கலிசிவைரஸ் பல சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு மசியாது. 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு கலந்து, முதலில் சோப்பால் கழுவிய பாத்திரத்தை 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். பூனை அந்த அறையில் இருக்கும்போது செய்ய வேண்டாம், சிறுநீர் மேல் பிளீச்சை ஊற்றவும் வேண்டாம், நச்சுப் புகை வரும். புதுப் பூனையை இந்தக் காலத்தில் சேர்க்காதீர்கள். பூனைகளுக்கிடையே சண்டையும் பதற்றமும் இருந்தால் மணல் தட்டு, படுக்கை, சாப்பிடும் இடம் எல்லாவற்றையும் பிரித்து வைப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

சமையலறைத் தராசிலோ குழந்தை எடை பார்க்கும் தராசிலோ வாரம் ஒரே நாளில் எடை பார்த்து, முக வலி மதிப்பெண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இழந்தால் உடலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். ரோமத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. சாப்பிட்ட அளவு, இந்த வாரம் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்ததா, கொட்டாவி விடும்போது வீறிட்டதா என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் முடிவெடுப்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.